பேர் வாங்காத டூ-இன்-ஒன்களில் எது நன்றாகப் பாடும்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த நேஷனல் டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) பரணில் கிடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து பழைய பூம்பாக்ஸ்களைச் சேர்க்க ஆசை வந்துவிட்டது. எல்லோரும் புகழும் ஷார்ப் ஜிஎஃப்-777, ஜேவிசி ஆர்சி-எம்90 போன்றவை எட்ட முடியாத விலை. பேர் வாங்காத, ஆனால் நல்ல ஒலி தரும் செட்டுகள் உண்டா? ஒன்றோடு ஒன்றை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?"

உண்டு. உங்கள் தாத்தாவின் செட்டே அப்படிப்பட்டதாக இருக்கக்கூடும். அதில் எத்தனை ஸ்பீக்கர் என்று நீங்கள் எழுதவில்லை. முன்பக்கம் ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர், பக்கத்தில் கேசட் மூடி, மேலே ஸ்டேஷன் முள் நகரும் பட்டை என்று இருந்தால் அதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடி அறையில் இப்போது 31 செட்டுகள் இருக்கின்றன. 20 ஆண்டுகளாகச் சேர்க்கிறேன். பழைய தமிழ்ப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று தோன்றும்போது என் கை போவது அந்த ஒற்றை ஸ்பீக்கர் மோனோ (இடது, வலது என்று ஒலியைப் பிரிக்காத) செட்டுகளிடம்தான். சந்தையில் மிகவும் மதிப்புக் குறைத்துப் பார்க்கப்படுபவை அவைதான் என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். ஒரு டூ-இன்-ஒன்னின் உடம்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவுதான் அதன் அடித்தொனி. அதே அளவு பெட்டியில் ஸ்டீரியோ வேண்டுமென்றால் 2 ஸ்பீக்கர்களை அடக்க வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு மேல் இடமிருக்காது. மோனோ செட்டில் 16 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் தாராளமாக உட்காரும், பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் அதற்கே சொந்தம். மிருதங்கத்தின் தொப்பி உருண்டு வருவது அந்தக் காற்றால்தான். அடுத்து, 1970-களின் நடுப்பகுதி வரை வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. அவற்றை 2 ஸ்பீக்கரில் கேட்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைத்துவிடாது. ஸ்டீரியோ கேசட் போட்டால் ஒரு பக்க இசை விடுபட்டுப் போகுமோ என்ற பயமும் வேண்டாம். 1963-இல் பிலிப்ஸ் அறிமுகம் செய்த இந்தக் கேசட்டில் ஸ்டீரியோவின் இடது, வலது தடங்களை அடுத்தடுத்து வைக்கும்படி வகுத்தார்கள். ஸ்டீரியோவில் ஒவ்வொரு தடமும் 0.6 மில்லிமீட்டர், நடுவில் 0.3 இடைவெளி, நாடாவைப் படிக்கும் மோனோ ஹெட் அந்த 1.5 மில்லிமீட்டரையும் சேர்த்தே படித்துவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட 2 பெரிய செட்டுகளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1981-இல் வந்த ஆர்சி-எம்90 நிஜமாகவே நல்ல செட். 20 சென்டிமீட்டர் வூஃபர்கள் (அடித்தொனி ஸ்பீக்கர்கள்), உறுதியான கேசட் பகுதி, உடம்புக்கேற்ற ஒலி. அதன் பெயருக்கு அது தகுதியானது. ஜிஎஃப்-777 இரண்டு கேசட், ஆறு ஸ்பீக்கர் கொண்ட பெரும் பெட்டி. திறந்த வெளியில் அதன் முழக்கத்துக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் இவற்றின் இன்றைய விலையில் பாதிக்குமேல் அமெரிக்கத் தெருக்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் எடுத்த படங்களுக்கான விலை. 12 அடி அறையில் உட்கார்ந்து கேட்கிற நமக்கு அந்தப் பணம் ஒலியாகத் திரும்பி வராது.

அப்படியானால் எதைத் தேடுவது? ஏறக்குறைய 1975 முதல் 1983 வரை வந்த ஜப்பான் செட்டுகளைத் தேடுங்கள். மாடல் எண்ணின் முன்னெழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டால் கும்பலில் கண் தானாக அங்கே போகும். நேஷனல் பானாசோனிக்கில் ஆர்எக்ஸ், ஹிட்டாச்சியில் டிஆர்கே, தோஷிபாவில் ஆர்டி, ஐவாவில் டிபிஆர், சோனியில் சிஎஃப், பிறகு சிஎஃப்எஸ். சான்யோ வெறும் எம் என்று போட்டு நாலு இலக்கம் கொடுத்திருப்பார்கள். இவற்றில் ஹிட்டாச்சியும் சான்யோவும் தோஷிபாவும் பேர் வாங்காத வரிசையில் முன்னால் நிற்பவை. மூன்றுமே தங்கள் ஐசிகளை (மின்னணுச் சில்லுகளை) தாங்களே தயாரித்த நிறுவனங்கள்; திறந்து பார்த்தால் ஹிட்டாச்சியில் எச்ஏ, சான்யோவில் எல்ஏ, தோஷிபாவில் டிஏ என்று தொடங்கும் ஐசிகள் இருக்கும். ஐவாவை மலிவுச் சரக்கு என்று பின்னாளில் பலர் ஒதுக்கினார்கள். ஜப்பானில் ரேடியோவையும் கேசட்டையும் ஒரே பெட்டியில் 1968-இல் முதலில் கொண்டுவந்தது ஐவாதான். அவர்களுடைய 1970-களின் செட்டுகளில் கேசட் பகுதியைத் திறந்து பார்த்தவர் யாரும் அப்படி ஒதுக்க மாட்டார்.

மோனோவில் ஒன்றைப் பெயர் சொல்லியே பரிந்துரைப்பேன்: சோனி சிஎஃப்-1980. 1974-இல் ஜப்பானில் வந்தது. 16 சென்டிமீட்டர் வூஃபரும் தனியாக 5 சென்டிமீட்டர் ட்வீட்டரும் (மேல் ஒலிக்கான ஸ்பீக்கர்) உண்டு. என்னிடம் இருக்கும் செட்டின் முகப்பில் கீறல்கள் நிறைய, கைப்பிடி உடைந்து ஒட்டியது. ஆனால் அதில் நாதஸ்வரம் கேட்டால் சீவாளியில் உதடு படுகிற இடம் தெரியும்.

ஒதுக்க வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த இரட்டைக் கேசட் செட்டுகளில் பெரும்பாலானவை பார்க்கத்தான் பிரமாதம். சிடி வந்த பிறகு கேசட் பகுதிக்குச் செலவு செய்ய யாருக்கும் மனமில்லை. ஒரே மோட்டார் 2 கேசட்டையும் இழுக்கும், சக்கரங்கள் பிளாஸ்டிக், நாடாவை ஒரே சீராக ஓடவைக்கும் ஃப்ளைவீல் சக்கரம் லேசானது. ஃப்ளைவீலின் கனம்தான் சுருதியைக் காப்பாற்றுவது. அது லேசானால் தம்புரா ஒலியே அலை அடிப்பதுபோல் நடுங்கும். முகப்பில் "400 வாட்", "600 வாட்" என்று பொறித்திருப்பார்கள், கீழே பிஎம்பிஓ (கணநேர உச்சத்தைச் சொல்லும் விளம்பரக் கணக்கு) என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் கணக்கை நம்பவே வேண்டாம். 8 பெரிய பேட்டரி போட்டால் 12 வோல்ட். 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண ஆம்ப்ளிஃபையர் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிகபட்சம் 4.5 வாட்தான் கொடுக்க முடியும். 2 ஆம்ப்ளிஃபையர்களை ஒரே ஸ்பீக்கருக்குப் பிரிட்ஜ் முறையில் இணைத்தால் 18 வாட். இதற்குமேல் கொடுக்க இயற்பியல் இடம் தராது. நல்ல செட் 5 வாட்டில் வீட்டை நிறைக்கும்.

நம் பக்கத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்க வெளியூர் போய்ச் சம்பாதித்தவர்கள் அதிகம். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வளைகுடா போனவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியோடு தூக்கி வந்தது டூ-இன்-ஒன். வீட்டுக்கு வீடு ராணுவ வீரர்கள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், விடுமுறையில் வந்தவர்கள் கொண்டுவந்த செட்டுகள் இன்னும் அலமாரி மேல் இருக்கின்றன. கடைக்குப் போகும் முன்பு உறவினர் வீட்டுப் பரண்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்கடுத்து காயலான் கடைகள். என்னிடமுள்ள ஹிட்டாச்சி ஒன்று ராணிப்பேட்டையில் காயலான் கடைக்காரர் ஒருவரிடம் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. தராசில் வைத்து எடைக்கு விலை சொன்னார்.

ஜப்பானிலிருந்து நேராக வருகிற செட்டுகளை இணையத்தில் வாங்குவதென்றால் 2 விஷயங்களைப் பார்த்தே தீர வேண்டும். முதலாவது மின்சாரம். ஜப்பான் உள்நாட்டுச் செட்டுகள் 100 வோல்ட்டுக்கானவை. நான் முதன்முதலில் வாங்கிய தோஷிபாவை, பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினேன். சத்தமே இல்லை, வார்னிஷ் கருகும் வாசனை மட்டும் வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. அதற்குரிய மாற்று கிடைக்காமல் அந்தச் செட் இன்றுவரை பேட்டரியில்தான் ஓடுகிறது. அந்த வாசனையை நான் மறக்கவில்லை. இரண்டாவது எஃப்எம். நம் நாட்டில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜப்பான் செட்டுகளில் 76 முதல் 90 வரைதான். சிலவற்றில் டிவி ஒலி கேட்பதற்காக 108 வரை நீட்டியிருப்பார்கள், அவை நமக்கு உதவும். வளைகுடா வழியாக வந்த செட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. 110, 220 என்று மாற்றும் விசையும் பல செட்டுகளில் இருக்கும். அது 220-இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே சொருகுங்கள்.

இப்போது ஒப்பிடுவதற்கு வருகிறேன். ஒப்பிடும் முன் சுத்தம் செய்ய வேண்டும். 40 வருடத் தூசியோடு ஒரு செட்டையும், கழுவித் துடைத்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். வேலூர் வெயிலில் பரணில் கிடந்த செட்டின் ரப்பர் பெல்ட் பெரும்பாலும் உருகித் தாராகிப்போயிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு சக்கரத்தின் பள்ளத்திலும் துடைத்து எடுங்கள். கையில் ஒட்டினால் 2 நாளைக்குப் போகாது. பேட்டரி கசிந்திருந்தால் எந்த பேட்டரி என்று பாருங்கள். பழைய சாதாரண பேட்டரியின் கசிவு அமிலம், அதற்கு ஆப்ப சோடாக் கரைசல். ஆல்கலைன் கசிவு காரம், அதற்கு எலுமிச்சைச் சாறு. மாற்றிப் போட்டால் துரு அப்படியே நிற்கும். வால்யூம் திருகும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 30, 40 முறை திருகுங்கள்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு: ஹெட் அலைன்மெண்ட், அதாவது ஹெட்டை நாடாவுக்கு நேராக நிறுத்துவது. இதைச் செய்யாமல் எந்தச் செட்டையும் மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அந்த நாடாவில் பிடிக்கும் நீளம் 4.76 மைக்ரான். ஹெட் ஒரு இம்மி சாய்ந்தாலும் அந்த நுண்ணலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாட்டு, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பலர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டி விற்பது இந்த நிலையில்தான்.

எனக்கு இது புரிந்த நாள் நினைவிருக்கிறது. லாங் பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் அந்த 350 ரூபாய் ஹிட்டாச்சியைக் கொண்டுபோனேன். என் கையில் ஒரு கேசட். செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றில் என் மாமா 1980-களில் விடிய விடியப் பதிவு செய்த பாரதக் கூத்து. போட்டதும் முகவீணை தூரத்து ஊரில் ஒலிப்பதுபோல் மங்கலாக வந்தது. "ஸ்பீக்கரை மாத்திடலாமாண்ணே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கேசட் மூடியைக் கழற்றி வைத்தார். பிளே அழுத்தியபடி, ஹெட்டின் இடப்பக்கம் ஸ்பிரிங் மேல் நிற்கும் சின்ன ஸ்க்ரூவில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். கால் சுற்றுகூட இல்லை, நெல்மணி அகலம் திருப்பினார். முகவீணை திடீரென்று அந்தச் சந்துக்குள் வந்து நின்றது. தாளத்தின் ஓரம் பளிச்சென்று கேட்டது, கட்டியங்காரன் பேச்சில் ச-வும் ஸ-வும் பிரிந்தன. அவர் கொஞ்சம் அந்தப் பக்கம் தாண்டித் திருப்பி, மங்கியதும் திரும்பி வந்து, இடையில் நிறுத்தி, ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தார். ஸ்பீக்கருக்கு நான் கொடுக்கத் தயாராக இருந்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் கேசட்தான் இன்றும் என் சோதனைக் கேசட். நீங்களும் உங்களுக்கு மனப்பாடமான ஒரு கேசட்டை வைத்துக்கொள்ளுங்கள். செட்டுக்கு செட் மாற்றாதீர்கள். கூத்துப் பதிவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தக் காலப் பதிவுக் கருவிகளில் ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் சர்க்யூட் உண்டு. மிருதங்கம் அடித்ததும் அது ஒலியைக் குறைக்கும். வேஷக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மெல்ல ஏற்றும், அப்போது ஜெனரேட்டர் ஓசையும் குழந்தை அழுவதும் மேலே எழும். நல்ல செட்டில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்கும். மோசமான செட் எல்லாவற்றையும் ஒரே கூழாக்கிவிடும்.

2 செட்டுகளை ஒரே மேசையில், ஒரே உயரத்தில் வையுங்கள். சுவரிலிருந்து தூரமும் ஒன்றாக இருக்கட்டும். மூலையில் வைத்த செட்டுக்கு அடித்தொனி இலவசமாகக் கூடும். ஒலியளவைக் காதால் சமப்படுத்தாதீர்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதையே காது நல்லதென்று சொல்லும். செல்போனில் ஒலி அளக்கும் செயலி போட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் இரண்டும் ஒரே அளவு காட்டும்படி வையுங்கள். பாஸ், டிரிபிள் இரண்டையும் நடுவில் நிறுத்துங்கள். லவுட்னஸ் (குறைந்த ஒலியில் அடித்தொனியை ஏற்றும் பொத்தான்) இருந்தால் அணையுங்கள். "வைடு", "ஸ்பேஷியல்" என்ற பொத்தான்களும் வேண்டாம். அவை ஒரு பக்கத்து ஒலியைத் தலைகீழாக்கி மறுபக்கத்தில் கலக்கின்றன. இசை அகலமாகும், ஆனால் நடுவில் நிற்கும் பாடகரின் குரல் குழிந்துபோகும்.

முதலில் நீண்ட ஒற்றை ஸ்வரத்தைக் கேளுங்கள். நாதஸ்வரத்திலோ தம்புராவிலோ 5 விநாடி நீளும் ஒலி நடுங்காமல் நிற்கிறதா? நடுங்கினால் பெல்ட், பிஞ்ச் ரோலர் (நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை), ஃப்ளைவீல் என்று வரிசையாகப் பாருங்கள். பிறகு வேகம். சுருதி தெரிந்த பாட்டை ஹார்மோனியத்தோடு வைத்துப் பாருங்கள். 6 சதவீத வேகம் ஏறினால் அரைக் கட்டை ஏறிவிடும். பெரும்பாலான மோட்டாரின் பின்னால் ஒரு சிறு துளை இருக்கும். அதனுள் சரிசெய்யும் ஸ்க்ரூ உண்டு. அடுத்து குரல்: தனியாகப் பாடும் குரலை, மிகக் குறைந்த ஒலியில், பக்கத்து அறையிலிருந்து கேளுங்கள். வார்த்தை புரிகிறதா? இந்தச் சோதனையில் என் மோனோ செட்டுகள் பெரிய செட்டுகளை ஒவ்வொரு முறையும் வென்றிருக்கின்றன.

என் அறையில் இப்படி வைத்துக் கேட்டதில் வந்த முடிவு: குரலுக்கும் நாதஸ்வரத்துக்கும் கூத்துக்கும் சோனி மோனோ முதலிடம். 1980-களின் திரைப்பாடல்கள், வயலின் கூட்டம், பேஸ் கிட்டார் எல்லாம் அடர்ந்த பாட்டுகளுக்கு நடுத்தர அளவு ஹிட்டாச்சி ஸ்டீரியோ. வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக, மொத்தம் 4 ஸ்பீக்கர். சான்யோ அதற்கு நெருங்கி வருகிறது. மேல் ஒலி கொஞ்சம் கூர்மை, 2 மணி நேரத்தில் காது களைக்கும். நண்பர் ஒருவரின் ஆர்சி-எம்90-ஐ ஒரு மாதம் வைத்திருந்தேன். ஒலியளவைப் பாதிக்குமேல் ஏற்றினால் அது எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. பாதிக்குக் கீழே, ராத்திரி 10 மணிக்குக் கேட்கும் அளவில், ஹிட்டாச்சியோடு வித்தியாசம் கண்டுபிடிக்க நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

ரேடியோவை மறந்துவிடாதீர்கள், டூ-இன்-ஒன்னில் பாதி அதுதான். பகலில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையைப் பிடித்துப் பாருங்கள். அதற்கான ஆன்டெனா மேலே நீட்டும் கம்பி இல்லை, உள்ளே கிடக்கும் ஃபெரைட் தண்டு. ஆகவே செட்டையே மெல்லத் திருப்புங்கள். ஒரு திசையில் நிலையம் எழும், இன்னொரு திசையில் மறையும். எழும் இடத்தில் பேச்சு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதே அளவுகோல். எல்இடி பல்புகளையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வீட்டின் இரைச்சலுக்குச் செட்டைத் திட்டுவீர்கள். 1970-களின் நேஷனல் செட்டுகள் இதில் மிகவும் கெட்டி. அமெரிக்காவில் அந்தப் பெயர் வேறொருவருடையது என்பதால் அங்கே பானாசோனிக் என்று மட்டும் விற்றார்கள். ஆகவே வெளிநாட்டுக்காரர்கள் புகழும் பானாசோனிக்கும் நம்மூர்ப் பரணில் கிடக்கும் நேஷனலும் ஒரே கூடத்துப் பிள்ளைகள்.

தாத்தாவின் செட்டை இதுவரை மின்சாரத்தில் சொருகவில்லை என்றால் இனியும் அவசரப்பட வேண்டாம். முதலில் பேட்டரி மூடியைத் திறந்து, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்து, புது பேட்டரி போட்டு, கேசட் இல்லாமல் பிளே அழுத்துங்கள். மோட்டார் ஓடும் ஓசை மட்டும் கேட்டு நாடாவைச் சுருட்டும் சக்கரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் போயிருக்கிறது, வேறு பெரிய கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. பழைய பெல்ட்டின் மிச்சம் ஏதாவது கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். ஒரு நூலைச் சக்கரங்களைச் சுற்றி ஓட்டி நீளம் எடுத்து, அதில் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பின்பக்கத் தகட்டில் ஆர்எக்ஸ் அல்லது ஆர்கியூ என்று தொடங்கும் எண் இருக்கும். அதையும் நூலின் நீளத்தையும் எழுதி அனுப்புங்கள், என் டப்பாவில் அந்த அளவு பெல்ட் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.